ஆட்குறைப்புப் பேச்சு வந்ததும் என்ன செய்வது? இந்தியத் தனியார் நிறுவன ஊழியருக்கான வழிகாட்டி

அலுவலகத்தில் ஆட்குறைப்பு என்ற பேச்சு எழுந்தால் பெரும்பாலானவர்கள் முதலில் ரெஸ்யூமேயைத் திறக்கிறார்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. உங்கள் பெயரில் உள்ள காகிதங்களும் கணக்குகளும் இன்று நிறுவனத்தின் கணினிக்குள் இருக்கின்றன. அவற்றை முதலில் உங்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும். பல இடங்களில் காலையில் கூட்டத்துக்கு அழைப்பு வரும், கூட்டம் முடிந்து இருக்கைக்குத் திரும்பும்போது லேப்டாப் பூட்டப்பட்டிருக்கும். அதற்குப் பின் பழைய சம்பளச் சீட்டு ஒன்றைப் பெறவே வாரக்கணக்கில் மெயில் அனுப்பிக் காத்திருக்க நேரும்.

இரண்டாவதாக ஒன்றை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று சொல்வார்கள். அந்த இடத்திலேயே ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணங்கள் 6-ஆம் படியில் விரிவாக இருக்கின்றன. கீழே வரும் படிகளில் பல அந்த ஒரு முடிவோடு தொடர்புடையவை.

இந்தியாவில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்காக எழுதப்பட்டது இது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அதற்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் உள்ள சட்டப் பிரிவு எண்களை அப்படியே எடுத்து மெயிலில் எழுதிவிடாதீர்கள்.

1. வதந்தியையும் அறிகுறியையும் பிரித்துப் பாருங்கள்

கேன்டீன் பேச்சை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியவை வேறு: உங்கள் குழுவில் காலியான இடங்களுக்கு ஆள் எடுப்பது நின்றுவிடுவது, அடுத்த காலாண்டுத் திட்டத்தில் உங்கள் புராஜெக்டுக்குப் பணம் ஒதுக்காமல் விடுவது, நீங்கள் செய்யும் வேலையைக் காரணம் சொல்லாமல் எழுதி ஆவணப்படுத்தச் சொல்வது, பெஞ்சில் (எந்தப் புராஜெக்டிலும் இல்லாமல்) இருப்பவர்களின் பட்டியலை ஹெச்.ஆர். திரட்டுவது, இதுவரை நல்ல மதிப்பீடு பெற்றவரைத் திடீரென்று பி.ஐ.பி.யில் (வேலைத்திறனை உயர்த்தக் கெடு வைக்கும் திட்டம்) போடுவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் கீழே உள்ளவற்றைத் தொடங்கிவிடுங்கள். ஆட்குறைப்பு வராமலே போனாலும் இதில் நட்டம் ஏதும் இல்லை.

பி.ஐ.பி.யில் போட்டால் அந்தத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். "பெற்றுக்கொண்டேன், இதிலுள்ள மதிப்பீட்டை ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடலாம். அன்றே உங்கள் தரப்பை, முடித்த வேலைகளைத் தேதியோடு குறிப்பிட்டு, மெயிலில் பதிலாக அனுப்புங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன பதில் பின்னால் எங்கும் செல்லாது.

2. முதல் வாரத்திலேயே ஆவணங்களைச் சேருங்கள்

சேர்க்க வேண்டியவை இவை:

- வேலை நியமனக் கடிதம், அதற்குப் பின் வந்த திருத்தங்கள், ஊதிய உயர்வு, பதவி உயர்வுக் கடிதங்கள் எல்லாம்
- சேர்ந்த மாதம் முதல் இன்றுவரை எல்லா மாதச் சம்பளச் சீட்டுகளும், குறைந்தபட்சம் கடைசி 24 மாதங்களுக்கு
- ஒவ்வோர் ஆண்டின் வருமான வரிப் பிடித்தச் சான்றிதழ், அதாவது எல்லோரும் ஃபார்ம் 16 என்று சொல்வது
- ஆண்டு மதிப்பீட்டு முடிவுகள், பாராட்டு மெயில்கள் (வாடிக்கையாளர் தகவல் இல்லாதவை மட்டும்)
- விடுப்பு இருப்பு, வருகைப் பதிவு காட்டும் திரையின் படம், தேதி தெரியும்படி
- பங்கு ஒதுக்கீடு பெற்றிருந்தால் அதற்கான கடிதமும் எவ்வளவு பங்கு எந்தத் தேதியில் உங்களுக்கு உரிமையாகிறது என்ற அட்டவணையும்
- நோட்டீஸ் காலம், விடுப்புப் பணம், பிரிவுத் தொகை (வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் தரும் பணம்) பற்றிய நிறுவன விதிமுறை ஆவணத்தில் உங்களுக்குப் பொருந்தும் பகுதி
- குழு மருத்துவக் காப்பீட்டு அட்டை, பாலிசி எண்
- இன்னும் வர வேண்டிய பயணப்படி, செலவுப் பணக் கோரிக்கைகளின் ரசீதுகள்

எடுக்கும் விதமும் முக்கியம். இவை உங்களைப் பற்றிய ஆவணங்கள், எனவே ஹெச்.ஆர். தளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்வதில் தவறில்லை. ஹெச்.ஆர். தளத்தைச் சொந்தக் கைபேசியில் திறக்க முடியுமானால் அங்கேயே இறக்குங்கள், அதுதான் சுத்தமான வழி. அலுவலக மெயிலிலிருந்து சொந்த மெயிலுக்கு ஒரே நாளில் நூறு கோப்புகளை அனுப்பினால், அது தகவல் கசிவாகக் கண்காணிப்பு மென்பொருளில் பதிவாகும். புரோகிராம் கோடு, வாடிக்கையாளர் பட்டியல், விலைப்பட்டியல், உள் வடிவமைப்பு ஆவணம் எதையும் தொடாதீர்கள். பிரிவுத் தொகையோடு வெளியே வந்திருக்க வேண்டியவரை ஒழுங்கீனம் என்ற காரணம் காட்டி ஒன்றும் தராமல் அனுப்புவதற்கு இது நேரான வழியாகிவிடும். செய்த வேலையின் விவரம் நேர்முகத் தேர்வுக்குத் தேவைப்படும் என்றால், உங்கள் நினைவிலிருந்து உங்கள் சொற்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சிக்கிக்கொள்ளும் இடம் கைபேசி எண். நிறுவனம் கொடுத்த சிம் எண்ணை வங்கிக்கும், ஆதாருக்கும், பி.எஃப்.புக்கும் கொடுத்திருந்தால், சிம் திரும்பப் போன அன்று ஓ.டி.பி.யும் போய்விடும். எல்லாவற்றையும் சொந்த எண்ணுக்கு மாற்றுங்கள். அலுவலக மெயில் முகவரியில் தொடங்கிய கணக்குகளும் இதே கதைதான்: டீமேட், காப்பீடு, லிங்க்ட்இன், குழந்தையின் பள்ளிச் செயலிவரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். லேப்டாப்பின் பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குடும்பப் படங்களையும் மறக்க வேண்டாம்.

3. பி.எஃப். கணக்கை இப்போதே நேர்செய்யுங்கள்

பி.எஃப். பணம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் எழுத்துப் பிழைதான். யு.ஏ.என். எண்ணோடு (எல்லா வேலைகளுக்கும் பொதுவான பி.எஃப். அடையாள எண்) உறுப்பினர் தளத்தில் நுழைந்து, பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவை ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரும் தொல்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால், பான் அட்டையில் தந்தையின் முழுப் பெயர் பின்னால், பி.எஃப்.பில் இனிஷியலே இல்லை என்றிருந்தால் கோரிக்கை திரும்பி வரும். சில திருத்தங்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் ஊழியராக இருக்கும்வரை ஹெச்.ஆர். அதைச் செய்து கொடுக்கும். வெளியேறிய பின் அது அவர்களின் வேலைப் பட்டியலில் கடைசிக்குப் போய்விடும்.

பிறகு இவற்றைப் பாருங்கள்: ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றும் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா, நாமினி பதிவாகியுள்ளதா, முந்தைய நிறுவனங்களில் வெளியேறிய தேதி பதிவாகியுள்ளதா, பழைய கணக்குகளின் பணம் நடப்புக் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டதா. மாற்றாமல் விட்ட பழைய கணக்குகள் இருந்தால் உடனே மாற்றக் கோருங்கள். உங்கள் தொடர் சேவைக் காலம் ஐந்து ஆண்டைத் தாண்டுகிறதா என்ற கணக்கு அதில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த ஐந்து ஆண்டு ஏன் முக்கியம் என்றால், அதற்குள் பி.எஃப். பணத்தை எடுத்தால் பொதுவாக வரி உண்டு. எடுக்கும் தொகை 50,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால், பான் இணைந்திருப்பவருக்கு 10 சதவீதம் முன்னதாகவே பிடிக்கப்படும். ஆனால் உடல்நலக் குறைவாலோ, நிறுவனத்தின் தொழில் சுருங்கியதாலோ மூடப்பட்டதாலோ, ஊழியரின் கைமீறிய வேறு காரணத்தாலோ வேலை போயிருந்தால், ஐந்து ஆண்டு ஆகாவிட்டாலும் அந்த வரி இல்லை. இதை நிரூபிக்கும் காகிதம் பணிநீக்கக் கடிதம்தான். அந்த இடத்தில் உங்கள் ராஜினாமாக் கடிதம் இருந்தால் வாதம் கடினமாகும்.

வேலை போனவுடன் பி.எஃப்.பை முழுக்க எடுக்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. வேலையில்லாத மாதங்களிலும் இருப்புக்கு வட்டி சேரும், ஆனால் வேலையை விட்ட பின் சேரும் வட்டிக்கு வரி உண்டு. பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை தேவை. ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் அழிந்துவிடும். பத்து ஆண்டுக்குக் குறைவாக இருந்தால் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் (அதுவரையான ஓய்வூதியச் சேவையைக் காட்டும் சான்று) வாங்கி, அடுத்த வேலையில் அதைத் தொடரலாம்.

4. எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதலாவது தவிர்க்க முடியாதவை: வாடகை அல்லது வீட்டுக்கடன் தவணை, மளிகை, மின்சாரம், மருந்து, பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், பெற்றோருக்கு அனுப்பும் பணம். இரண்டாவது நிறுத்தக்கூடியவை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பள்ளிக் கட்டணத்தையும் பிரீமியத்தையும் பன்னிரண்டால் வகுத்து மாதச் செலவில் சேருங்கள். இதை விடுவதால்தான் பலரின் கணக்கு தப்புகிறது. கையில் உடனே எடுக்கக்கூடிய பணத்தை முதல் பட்டியலின் தொகையால் வகுத்தால் எத்தனை மாதம் என்று வரும். கையில் 3,60,000 ரூபாய், தவிர்க்க முடியாத மாதச் செலவு 60,000 ரூபாய் என்றால் ஆறு மாதம். பிரிவுத் தொகையையும் கிராஜுவிட்டியையும் (நீண்ட சேவைக்கான பணிக்கொடை) இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை கைக்கு வரும்வரை இல்லாதவையே. மூன்று மாதத்துக்குக் குறைவாக வந்தால் இந்த மாதச் சம்பளத்திலிருந்தே இரண்டாவது பட்டியலை வெட்டத் தொடங்குங்கள்.

கடன் விஷயத்தில் வங்கியிடம் முன்னதாகப் பேசுவதே நல்லது. ஒரு தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிவிடும், கிரெடிட் ஸ்கோரில் அந்தக் கறை ஆண்டுக்கணக்கில் தெரியும். தவணை தவறும் முன்பே கிளைக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். சம்பளம் வரும் காலத்தில் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கிரெடிட் கார்டில் மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போவது மிக மோசமான கடன். பெரும்பாலான அட்டைகளில் வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல். கையில் இருக்கும் பணத்தில் முதலில் அதை அடைத்துவிடுங்கள். வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு இது நேரம் அல்ல, அந்தப் பணம் கையில் இருக்கட்டும்.

வேலையிழப்புக் காப்பீடு எடுத்திருப்பவர்கள் பாலிசித் தாளைப் படிக்கவும். பொதுவாக அவை சில தவணைகளை மட்டுமே தரும். தாமாக ராஜினாமா செய்தவருக்கு அவையும் கிடையாது.

சம்பளக் கணக்கைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடிக்கத் தொடங்கும். அப்போதே குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

5. சொந்த மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்

நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பெற்றோருக்கும் அதே பாலிசியில்தான் காப்பு என்றால் அவர்களுக்கும் முடியும். புதிய தனிப் பாலிசியில் முதல் 30 நாளுக்கு விபத்து தவிர வேறு சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுவரை இருக்கலாம். அதனால் ஆட்குறைப்பு வருமோ என்ற சந்தேகம் எழுந்த வாரமே பாலிசி எடுத்துவிட்டால், அந்த 30 நாள் சம்பளக் காலத்திலேயே கழிந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் செலவும் முன்பைவிடச் சற்றுக் குறைந்திருக்கிறது.

இன்னொரு வழி, குழுப் பாலிசியை நடத்தும் அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்வது. அப்படி மாறினால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். கடைசி நாளுக்கு முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். பாலிசி முடிந்த பின் கேட்டால் சிக்கல். நீரிழிவு, ரத்த அழுத்தம் போன்றவற்றை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள், கோரிக்கை மறுக்கப்பட அதுவே காரணமாகும். ஆயுள் காப்பீடு டேர்ம் பாலிசி எடுக்க எண்ணம் இருந்தால் அதையும் வருமானச் சான்று கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருப்பவர்கள் அதன் கிளை அலுவலகத்தில் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் பற்றிக் கேளுங்கள். வேலை இழந்தவருக்குச் சராசரி தினக்கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாள்வரை தரும் திட்டம் அது. அவ்வப்போது காலம் நீட்டிக்கப்பட்டு ஓடுவதால், நடப்பில் உள்ளதா என்று பார்த்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.

6. அழைப்பு வரும் அன்று

கூட்டம் பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடம்தான். ஹெச்.ஆரும் மேலாளரும் இருப்பார்கள். தயாராக வந்த வாசகங்களைச் சொல்வார்கள், முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இருக்காது. அதனால் அங்கே வாதாடிப் பயனில்லை. கேள்வி கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "படித்துப் பார்க்க எனக்கு நேரம் வேண்டும், தாளின் நகலைச் சொந்த மெயிலுக்கு அனுப்புங்கள்." இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் பணம் கிடையாது என்று சொன்னால், அதையும் அன்று மாலையே மெயிலில் பதிவு செய்யுங்கள்: "இன்று நடந்த கூட்டத்தில் இன்னாரிடமிருந்து இப்படிச் சொல்லப்பட்டது, உறுதிப்படுத்தவும்."

ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கைவிட்டுப் போகக்கூடியவை:

- ஆட்குறைப்புக்கான சட்டப்படியான இழப்பீடும் நோட்டீஸ் சம்பளமும்
- ஐந்து ஆண்டுக்கு முன்பு எடுக்கும் பி.எஃப்.பின் வரிவிலக்குக்கான ஆதாரம்
- வேலையிழப்புக் காப்பீடு, இ.எஸ்.ஐ. உதவி
- தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கும் வலு, ஏனென்றால் நிறுவனம் முதலில் நீட்டும் தாள் உங்கள் ராஜினாமாக் கடிதமாக இருக்கும்

"டெர்மினேஷன் என்று எழுதினால் அடுத்த வேலை கிடைக்காது" என்பது இந்த இடத்தில் எப்போதும் சொல்லப்படும் பயமுறுத்தல். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்படுவதும் ஆட்குறைப்பில் போவதும் ஒன்றல்ல. "நிறுவன மறுசீரமைப்பால் பணியிடம் நீக்கப்பட்டது" என்று கடிதத்தில் காரணம் தெளிவாக இருந்தால் அடுத்த நிறுவனம் அதைப் புரிந்துகொள்ளும். வாசகத்தைப் பேசித் திருத்தலாம், அதற்காக ராஜினாமா எழுத வேண்டியதில்லை. சில நேரம் ராஜினாமாவுக்கு ஈடாகச் சட்டப்படி வருவதைவிட உண்மையிலேயே பெரிய தொகை தருவார்கள். அப்போது இழக்கும் ஒவ்வொன்றையும் பணமாகக் கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். ஆனால் தொகை, தேதி, யார் தருவது மூன்றும் எழுத்தில் வந்த பிறகுதான் ராஜினாமா போக வேண்டும். முதலில் ராஜினாமா, பிறகு தொகை என்ற வரிசைக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

கடிதத்தில் "லே-ஆஃப்" என்ற சொல் மட்டும் இருந்தால் கேளுங்கள். பேச்சில் அது வேலை போவதைக் குறித்தாலும், இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் என்பது தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்தி வைப்பது. நிரந்தரமாக அனுப்புவது ரிட்ரெஞ்ச்மென்ட். இரண்டுக்கும் இழப்பீட்டு விதிகள் வேறு.

பேசி வாங்கக்கூடியவற்றில் பணத்தைவிடக் கடைசி வேலை நாள் பல சமயம் மதிப்புள்ளது. ஐந்து ஆண்டு நிறைய இருபது நாள் இருக்கிறதா, பங்குகள் உரிமையாகும் தேதி அடுத்த மாதமா, ஆண்டு போனஸ் பெற மார்ச் 31 வரை பணியில் இருக்க வேண்டுமா என்று பார்த்து, அந்தத் தேதிக்கு அப்பால் கடைசி நாளைத் தள்ளக் கேளுங்கள். நிறுவனத்துக்கு அது சிறு செலவு, உங்களுக்குப் பெரிய வித்தியாசம். சேரும்போது வாங்கிய போனஸையும் இடமாற்றப் பணத்தையும் திரும்பக் கேட்க மாட்டோம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவக் காப்பீட்டைச் சில மாதம் நீட்டச் சொல்லுங்கள். பிரிவு ஒப்பந்தத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற பத்தி இருந்தால், அதில் பி.எஃப்., கிராஜுவிட்டி, செலவுப் பணம் ஆகியவை விலக்கு என்று சேர்க்கச் சொல்லுங்கள். போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது, சக ஊழியர்களை அழைக்கக் கூடாது என்ற பத்திகளையும் விடாமல் படியுங்கள். தொகை பெரிதாக இருந்தால் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணிநேரம் ஆலோசனை கேட்பது வீண்செலவு அல்ல.

மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது பணிநீக்கம் செய்வது சட்டத்துக்கு எதிரானது. அப்படி ஒரு கடிதம் வந்தால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

7. வர வேண்டிய பணத்தை நீங்களே கணக்கிடுங்கள்

நிறுவனம் அனுப்பும் கணக்குத் தீர்ப்புத் தாளில் (செட்டில்மென்ட்) பிழை இருப்பது சாதாரணம். உங்கள் கணக்கு முன்னதாகக் கையில் இருந்தால்தான் பிழை கண்ணில் படும்.

சம்பள பாக்கி: புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கப்பட்டாலும் ராஜினாமா செய்தாலும் வர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். "செட்டில்மென்ட் 45 நாளாகும், 60 நாளாகும்" என்ற பழைய வழக்கத்தை ஹெச்.ஆர். சொன்னால் இதை மரியாதையாக எழுத்தில் நினைவூட்டுங்கள்.

ஆட்குறைப்பு இழப்பீடு: சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவர் ஓராண்டு தொடர் சேவை முடித்திருந்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் உண்டு. அட்டையில் "மேனேஜர்" என்று எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் வரையறைக்கு வெளியே போய்விடுவதில்லை. உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பெயரில் மட்டும் லீட் ஆக இருந்து நாள் முழுக்கக் கோடு எழுதுபவர் தம் உரிமையை எளிதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 300 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்தில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதியும் தேவை.

நோட்டீஸ் காலம்: நியமனக் கடிதத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். ஊழியருக்கு 90 நாள், நிறுவனத்துக்கு 30 நாள் என்று எழுதிய ஒப்பந்தங்கள் உண்டு. நிறுவனம் நோட்டீஸ் சம்பளத்துக்கு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கணக்கிட்டிருந்தால், கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

கிராஜுவிட்டி: கடைசியாக வாங்கிய மாத ஊதியம் × 15 ÷ 26 × சேவை ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேல் உள்ள பகுதி முழு ஆண்டாகும். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், சேவை 7 ஆண்டு 8 மாதம் என்றால் 8 ஆண்டுக்கு 1,84,615 ரூபாய். புதிய தொகுப்புகளின் வரையறைப்படி, படிகள் (அலவன்ஸ்) மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் மிகுதி ஊதியத்தோடு சேரும். மொத்தம் 1,00,000, அடிப்படை 40,000 என்றிருந்தவருக்குக் கணக்கு 50,000 ரூபாயில் தொடங்கும், தொகை 2,30,769 ரூபாய் ஆகும். பழைய முறையில் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நிரந்தர ஊழியருக்கு ஐந்து ஆண்டு வேண்டும், ஆனால் நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலும் தகுதி உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் 1998-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நிர்ணயக் கால ஒப்பந்த ஊழியருக்குப் புதிய விதிப்படி ஓராண்டே போதும். 30 நாளுக்குள் தர வேண்டும்.

வரி: கிராஜுவிட்டிக்கு 20 லட்சம், விடுப்புப் பணத்துக்கு 25 லட்சம், தொழிலாளர் வரையறைக்குள் வருபவரின் ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை, உரிய கணக்கு வரம்புகளுக்கு உட்பட்டு விலக்கு உண்டு. நோட்டீஸ் சம்பளத்துக்கு முழு வரி. அந்த வரையறைக்கு வெளியே இருப்பவரின் பிரிவுத் தொகைக்கும் பொதுவாக வரி உண்டு. கடைசி நாள் மார்ச்சில் வந்தால், பிரிவுத் தொகையை ஏப்ரலில் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். புதிய வரிமுறையில் 12 லட்சம்வரை வருமானத்துக்கு வரி இல்லாத நிலையில், சம்பளம் குறையப்போகும் அடுத்த நிதியாண்டில் அது விழுந்தால் மிச்சம் கணிசமாக இருக்கும்.

பங்குகள்: உரிமையான பங்குகளை வாங்க வேலையை விட்ட பின் குறுகிய அவகாசமே இருக்கும், பல நிறுவனங்களில் 90 நாள். வாங்கும் நாளின் மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விழும். வேலை இல்லாத காலத்தில் அந்த வரிக்கும் பணம் வேண்டும், பட்டியலிடப்படாத நிறுவனமென்றால் விற்று எடுக்கவும் முடியாது.

8. வெளியே வரும்போது

லேப்டாப், அடையாள அட்டை, சிம், கார்ப்பரேட் கார்டு எதைத் திருப்பினாலும் வரிசை எண்ணோடு ஒப்புகை வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் பெட்டியில் வைக்கும் முன் படம் எடுங்கள். "லேப்டாப் வரவில்லை" என்று செட்டில்மென்டை நிறுத்தி வைப்பது அடிக்கடி நடக்கிறது. கார்ப்பரேட் கார்டில் நிலுவை இருந்தால் வங்கி உங்களைத்தான் தேடி வரும், செலவுக் கோரிக்கைகளைக் கடைசி நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

ரிலீவிங் கடிதம், அனுபவச் சான்றிதழ், கணக்குத் தீர்ப்புத் தாள் மூன்றும் வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவிப் பெயர் ஆகியவை எல்லாத் தாளிலும் பி.எஃப். பதிவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பில் ஒரு நாள் வேறுபாடு கூடக் கேள்வியாகும். வேலைக்கு வர வேண்டாம், சம்பளம் மட்டும் வரும் என்ற கார்டன் லீவில் இருக்கும்போது அடுத்த நிறுவனத்தில் சேர்ந்தால், பி.எஃப்.பில் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனம் தெரியும். சேரும் தேதியை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

9. பணம் வராவிட்டால்

முதலில் ஹெச்.ஆருக்கும் நிதித்துறைக்கும் சொந்த மெயிலிலிருந்து தொகை, கணக்கு, கெடு மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் அதையே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், தொழிலாளர் வரையறைக்குள் வருபவர் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் கட்டாயமில்லை. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, நீக்கக் கடிதம், மெயில் பரிமாற்றம், உங்கள் கணக்குத் தாள் ஆகியவற்றை இரண்டு நகலாகத் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். சமரசம் முறிந்தால் தீர்ப்பாயம். கிராஜுவிட்டி தராவிட்டால் அதற்கெனத் தனி அதிகாரி உண்டு, பி.எஃப். புகாருக்கு அதன் சொந்தக் குறைதீர் தளம் உண்டு. மேலாளர் நிலையில் இருப்பவர் ஒப்பந்தப்படியான பிரிவுத் தொகை போன்றவற்றுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ், சிவில் நீதிமன்றம் என்று போக வேண்டியிருக்கும். ஒப்பந்தப்படி வர வேண்டிய பணத்துக்கு வழக்குத் தொடரக் கெடு மூன்று ஆண்டு, ஆனால் எவரும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் பலர் நீக்கப்பட்டிருந்தால் சேர்ந்து மனு கொடுங்கள், தனியாளின் மனுவைவிட அது வேகமாக நகரும்.

10. அடுத்த வேலைக்கான தேடல்

தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள், முன்பு உடன் வேலை செய்தவர்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புங்கள். எப்படி வேலை போனது என்று கேட்டால் ஒரு வாக்கியம் போதும்: "மறுசீரமைப்பில் எங்கள் பிரிவு மூடப்பட்டது." வேலை தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் முன்பணம் கேட்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள். ஆட்குறைப்பு செய்தி வந்த வாரங்களில் இவர்கள் குறிவைத்து அழைப்பார்கள்.

வீட்டில் மறைக்காதீர்கள். தினமும் அலுவலகம் போவதுபோல் கிளம்பிப் பூங்காவில் உட்காருபவர்கள் இருக்கிறார்கள். செலவைக் குறைக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களும்தான், அவர்களுக்குத் தெரியாமல் 4-ஆம் படியைச் செய்யவே முடியாது. தூக்கம் கெட்டு, எதற்கும் மனம் செல்லாமல் நாள்கள் போனால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி அது, தமிழிலும் பேசலாம்.

11. இரண்டு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியவை

பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதி பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆன பின் நீங்களே பதியலாம், ஆதார் ஓ.டி.பி. போதும். தேதியைத் தப்பாகப் போட்டுவிட்டால் திருத்துவது பெரும்பாடு, ரிலீவிங் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

புதிய வேலையில் சேர்ந்ததும் பழைய நிறுவனத்தில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பளம், பிடித்த வரி விவரத்தைப் புதிய நிறுவனத்துக்குக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 75,000 ரூபாயை இரண்டு நிறுவனமும் தனித்தனியாகக் கழித்துவிடும், வரிப் படிநிலையும் ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து தொடங்கும். அடுத்த ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது, கையில் பணம் இல்லாத நேரத்தில் பெரிய தொகை வட்டியோடு கட்ட வேண்டி வரும்.